கடலோரத்தில் குடியேற: முதல் வரிசை வீடா, நாலு தெரு தள்ளியா, வாடகையா?

இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு இதுதான். வெயிலடிக்கும் கடற்கரை ஒன்றுக்குக் குடிபெயர்வதா, வேண்டாமா? போனால் வீடு வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா? வாங்கினால் கடலைப் பார்த்தபடியா, உள்ளே தள்ளியா? படித்தது, போய்ப் பார்த்தது, ஒரு முழுக் குளிர்காலம் வாடகைக்கு இருந்து அனுபவித்தது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் சாய்வு முதலிலேயே தெரிந்துவிடட்டும். போவது நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பலரும் எந்த வீட்டைப் பார்த்து மயங்குகிறார்களோ, அந்த வீட்டைத்தான் வாங்கக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

போவதற்கான காரணங்கள்

முதல் காரணம் காற்று. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழ, அந்த இடத்துக்குக் கடலின் குளிர்ந்த காற்று வந்து சேர்கிறது. வெயில் ஏறும் நேரம் பார்த்து இது வீசத் தொடங்குவதால், உள்நாட்டில் தகிக்கும் பிற்பகல் கடலோரத்தில் தாங்கும்படி இருக்கும். குளிர்காலத்தில் இதே கடல் சேர்த்து வைத்த வெப்பத்தை மெல்ல மெல்ல விடுவதால் இரவுகள் அவ்வளவாக விறைப்பதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கடற்காற்று மணலோடு நின்றுவிடுவதில்லை. மலை குறுக்கிடாத இடங்களில் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே போகும். கரையிலேயே வீடிருந்தால்தான் காற்று வரும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஒரு விஷயம் பின்னால் நம் கணக்கையே மாற்றப்போகிறது.

இரண்டாவது உடம்பு. இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடலுக்கு அருகே வசிப்பவர்களில், தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்களின் விகிதம் சற்றுக் கூடுதலாக இருந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் வசதி குறைந்த பகுதிகளில் அது கூடுதலாகத் தெரிந்தது. இது கடல் தந்த நலமா, நலமாக இருப்பவர்கள் கடலோரம் போய்ச் சேர்ந்ததா என்பதை அந்தக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. எனக்குத் தெரிந்தது என் வீட்டுக் கதை. நடக்கச் சொல்லி மருத்துவர் பத்து வருடமாகச் சொல்லியும் நடக்காத என் மனைவி, வாடகை வீட்டுக்குப் போன இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் சொல்லாமலே தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் திரும்பி வந்த பிறகு அந்த நடை நின்றுபோனது. இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் ஓயாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது வெளிச்சம். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பருவத்தோடு வந்து போகும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் 1984-இலேயே ஒரு நோயாக விவரித்து, வெளிச்சத்தையே அதற்குச் சிகிச்சையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். அதே வெளிச்சத்துக்கு மறுபக்கமும் உண்டு. உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது குடையின் கீழே உட்கார்ந்தாலும் கதிர் பக்கவாட்டிலிருந்து வரும். தோல் வெளிறியவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

எந்த வெயில்?

கடற்கரை என்றாலே வெயில் என்று நினைப்பது தவறு. பெருவின் தலைநகர் லிமா பாலைவனத்தின் விளிம்பில், கடலை ஒட்டி இருக்கிறது, மழை கிட்டத்தட்ட கிடையாது. ஆனாலும் குளிர்காலம் முழுக்க அங்கே சாம்பல் நிற மூட்டம்தான். கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் அதற்குக் காரணம். கலிபோர்னியாக் கரையிலும் ஜூன் மாதம் மேகம் கவிந்துகொள்வது வழக்கம். ஆகவே, வருடத்துக்கு இத்தனை நாள் வெயில் என்று விளம்பரத்தில் பார்த்தால், அது எந்தெந்த மாதம் என்று கேளுங்கள்.

உண்மையில் தேர்வு இரண்டு வகை வெயிலுக்கு இடையில். ஒன்று உலர்ந்த வெயில். மத்தியதரைக் கடல் சுற்றுவட்டாரம், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலை, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு, தெற்குக் கரைகள் ஆகிய ஐந்து இடங்களில் கோடை காய்ந்தும் குளிர்காலம் மிதமான மழையோடும் இருக்கும். இன்னொன்று வெப்ப மண்டலக் கடற்கரையின் ஈர வெயில். வெப்பமானி இரண்டு இடத்திலும் 30 டிகிரி காட்டலாம். ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் அந்த 30 டிகிரி உடம்புக்கு 38 போலத் தெரியும். வியர்வை காயாமல் தேங்கி நிற்கும். வயதானவர்களும் இதய நோயாளிகளும் ஈர வெயிலைத் தாங்குவது கடினம்.

அப்படியானால் உலர்ந்த வெயில்தானே மேல் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உலர்ந்த கரைகளுக்குத் தண்ணீரும் தீயும் தலைவலி. 2018-இல் கேப்டவுன் நகரம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளந்து கொடுக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு ஜூலையில் கிரேக்கக் கடற்கரைக் குடியிருப்பான மாட்டியில் பரவிய காட்டுத்தீயில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலுக்கு ஓட வழி தெரியாமல், குறுகிய சந்துகளில் அகப்பட்டவர்கள் பலர். கடலை ஒட்டிய வீட்டைத் தீ என்ன செய்யும் என்று நாம் யோசிப்பதே இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே, ஒரே ஒரு பாதையோடு இருக்கும் அழகான குடியிருப்பைப் பார்த்தால், இரண்டாவது பாதை எங்கே என்று தேடிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

ஈரக் கரைகளில் புயல், வெள்ளம், பூஞ்சணம். எங்கள் தேர்வு உலர்ந்த பக்கம்தான் சாய்ந்தது. காரணம் மூட்டுவலியோ மழையோ இல்லை, ஏசி இல்லாமல் தூங்க வேண்டும் என்ற ஆசை. உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் ஒரு காரணம் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதல் வரிசை வீடு

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஓர் அடுக்ககத்தைப் பார்க்கப் போனோம். நான்காம் மாடி, பால்கனிக்கு நேரே கடல். என் மனைவி பேச்சே இல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையை நிமிர்த்தி மேல் வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட். அதற்குள்ளிருந்து, கம்பி போகும் வரிசையில், ஒரு சாண் இடைவெளி விட்டுப் பழுப்பு நிறக் கோடுகள் எட்டிப் பார்த்தன. கைப்பிடிச் சுவரைச் சாவியால் தட்டினேன். ஓரிடத்தில் ‘டங்’ என்று கேட்டது. ஓரடி தள்ளித் தட்டினால் ‘டொப்’. வெளியே பூச்சு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே காங்கிரீட் கம்பியை விட்டுப் பெயர்ந்திருந்தது.

காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் உள்ளே ஊறி, அந்தப் படலத்தை உடைத்துவிடுகிறது. பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கத்தில் காங்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. உப்பின் அளவு கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வேகமாகக் குறைந்துவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். காற்று பல கிலோமீட்டர் உள்ளே வருகிறது. உப்பின் பெரும்பங்கோ முதல் சில தெருக்களிலேயே இறங்கிவிடுகிறது. நாலு தெரு தள்ளிப் போனால் நல்லது மிஞ்சுகிறது, கெட்டது பெருமளவு கழிகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

கட்டடம் மட்டுமில்லை. ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கீல், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் சீக்கிரம் போகும். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட டீக்கறை போலப் புள்ளி புள்ளியாகத் துருவேறும். மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பழுதுபார்ப்பு எப்போதாவது வரும் செலவு என்று நினைத்து முதல் வரிசை வீட்டுக்குள் போகாதீர்கள். அது மாதா மாதம் வரும் செலவு.

அடுக்ககம் என்றால் இன்னொரு சிக்கல்: செலவை நீங்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது. அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்தின் சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய 12 மாடிக் கட்டடத்தின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் வடியாமல் நின்று காங்கிரீட்டைக் கெடுத்திருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கையில் எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் பெருந்தொகையை எப்படித் திரட்டுவது என்று உரிமையாளர்களுக்குள் இழுபறி நடந்துகொண்டிருந்தது. வடிவமைப்பிலேயே குறைகள் இருந்ததும் விசாரணையில் தெரியவந்தது. பழியை உப்பின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் அந்த இழுபறியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. 2022-இல் அந்த மாநிலம், மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள பழைய அடுக்ககங்களுக்குக் கட்டமைப்பு ஆய்வையும் பழுதுபார்ப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. எந்த நாட்டில் வாங்கினாலும் உரிமையாளர் சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளையும், பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். நாங்கள் பார்த்த வீட்டில் கேட்டோம். ‘அடுத்த வாரம் அனுப்புகிறோம்’ என்றார்கள். அந்த வாரம் வரவே இல்லை.

இனி கடலின் கணக்கு. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில், அதாவது 2006-க்கும் 2018-க்கும் இடையில், வேகம் வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்கிறது ஐநாவின் காலநிலைக் குழு. மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கடல் மெதுவாக ஏறி வீட்டுக்குள் வருவதில்லை. ஒரு புயல் இரவில், ஏறியிருக்கும் மட்டத்தின் மேல் நின்றுகொண்டு அடிக்கும். வட கரோலைனாவின் ரோடாந்தேயில் 2020-க்குப் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக அலைக்குள் சாய்ந்தன. கட்டும்போது அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே அகலமான மணல்வெளி இருந்தது.

சட்டமும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஸ்பெயின் 1988-இல் கொண்டுவந்த கடற்கரைச் சட்டம் கரையோர நிலத்தைப் பொதுச் சொத்து என்று வரையறுத்தது. அதற்கு முன் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய பலர், சொந்தக்காரர் என்ற நிலை போய், குறிப்பிட்ட காலம் மட்டும் பயன்படுத்தும் உரிமை உள்ளவர்களாக ஆனார்கள். 2013-இல் அந்தக் கெடுவை 75 ஆண்டு வரை நீட்டிக் கொடுத்தார்கள். கெடு கெடுதான், அப்படிப்பட்ட வீட்டை நாளை யார் என்ன விலைக்கு வாங்குவார்? காப்பீட்டிலும் இதே கதை. ஃப்ளோரிடாவில் தனியார் நிறுவனங்கள் பின்வாங்க, கடைசிப் புகலிடமாக வைத்திருந்த அரசு நிறுவனமே மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டாளராக வளர்ந்தது. ஒரு வீட்டை விரும்பினால், விலை பேசும் முன்பே அந்த முகவரிக்குக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று விசாரியுங்கள். அபாயத்தைக் கணக்கிடுவதே தொழிலாக உள்ளவர் அந்த வீட்டைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அந்த ஒரு தொகையில் தெரிந்துவிடும்.

நாலு தெரு தள்ளி

பத்து, பதினைந்து நிமிட நடையில் கடல். காற்று வரும், உப்பு குறையும், விலையும் இறங்கும். ஆனால் தூரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, உயரத்தைப் பார்க்க வேண்டும். பல கரைகளில் மணல்மேட்டுக்குப் பின்னால் நிலம் தாழ்ந்து போகும். சதுப்பையோ காயலையோ மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டியிருப்பார்கள். அங்கே கடலுக்கு எதிரேயுள்ள வீட்டைவிடப் பின்னால் உள்ள வீட்டில்தான் வெள்ளம் முதலில் நிற்கும். 2004 சுனாமியின்போது உயிர் பிழைக்க வைத்தது பெரும்பாலும் மேட்டு நிலம்தான். சரிவின் மேலே இருக்கும் நாலாவது தெரு வேறு, பள்ளத்தில் இருக்கும் நாலாவது தெரு வேறு.

கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பி இருக்கும் வீடு என்றால் ஒரு கணக்கு. கடலோர நிலத்தடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டறிந்த விகிதம் இது. திருப்பிப் பாருங்கள்: அக்கம்பக்கத்தார் எல்லாரும் இறைத்து மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், உப்பு 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. கோடையின் கடைசியில் போய், குழாய்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

வாங்குவதா, வாடகையா

வாடகைக்கு ஆதரவாக எனக்கு எண்களைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கடற்கரை ஊர்கள் வருடத்தில் இரண்டு ஊர்கள். சீசனில் பார்க்கும் ஊர் ஒன்று. சீசன் முடிந்த பிறகு இருப்பது வேறு. நாங்கள் இருந்த தெருவில் பாதிக்கு மேல் ஜன்னல்கள் மூடியே கிடந்தன. மருந்துக்கடை வாரத்தில் மூன்று நாள்தான். நவம்பரில் ஒரு காலை, அலமாரியில் தொங்கிய என் கம்பளிக் கோட்டை எடுத்தேன். தோள்பட்டையில் சாம்பல் பூத்ததுபோலப் பூஞ்சணம். கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மூன்றாம் நாள் உப்புப் படலம் வந்துவிடும். ஆனால் அதே நவம்பரில், காலி மணலில் நாங்கள் இருவர் மட்டும் நடந்த காலைகளும் உண்டு. அதை வைத்துத்தான் போகலாம் என்று முடிவெடுத்தோம். கோடையில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்திருந்தால் இந்த இரண்டுமே தெரிந்திருக்காது.

எண்களும் பார்க்கத்தான் வேண்டும். வீட்டு விலையை ஒரு வருட வாடகையால் வகுங்கள். 20-க்கு மேல் வந்தால் பொதுவாக வாடகை லாபம். 15-க்குக் கீழே என்றால் வாங்கலாம். முதல் வரிசை வீடுகளில் இந்த எண் பெரும்பாலும் எகிறியே நிற்கும். முத்திரை வரி, பதிவு, தரகு என்று வாங்கும்போதே ஒரு பங்கு போய்விடும். ஐந்து வருடமாவது இருப்போம் என்ற உறுதி இல்லாமல் அந்தப் பணத்தை விடாதீர்கள்.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீடு வாங்கும் உரிமையும் வசிக்கும் உரிமையும் வேறு வேறு. முதலீட்டுக்கு வசிக்கும் உரிமை தந்த ஸ்பெயினின் திட்டம் 2025 ஏப்ரலில் முடிந்தது. போர்ச்சுகல் 2023-லேயே, வீடு வாங்கி அந்த உரிமையைப் பெறும் வழியை மூடிவிட்டது. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது. வங்கி அறக்கட்டளை மூலமாகத்தான். தாய்லாந்தில் நிலம் கிடையாது, ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை அடுக்கக வீடுகள் மட்டும் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். விசா விதியை நம்பி வீடு வாங்கினால், விதி மாறும்போது வீடு மட்டும்தான் மிஞ்சும்.

விடுமுறை வீடாக வாங்கி, இல்லாத நாளில் வாடகைக்கு விடும் யோசனையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூட்டிய வீட்டை உப்புக்காற்று வேகமாகத் தின்னும். போதாததற்கு, சுற்றுலா வாடகை விதிகள் இறுகி வருகின்றன. பார்சிலோனா நகராட்சி தன்னிடமுள்ள 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு நீடிப்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. உள்ளூர் மக்களுக்கு வீடு கிடைக்காத நிலையில் அந்தக் கோபம் நியாயமானதுதான்.

எங்கள் முடிவு: உலர்ந்த வெயில், சரிவின் மேல் நாலைந்து தெரு தள்ளி, முதலில் பதினொரு மாதம் வாடகை, அதுவும் சீசன் முடிகிற மாதத்திலிருந்து. போன மாதம் அப்படி ஒரு வீட்டைப் பார்த்தோம். மொட்டைமாடியிலிருந்து ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது. பெரிய மருத்துவமனை இருபது நிமிடத்தில். எனக்குப் பிடித்துப்போயிற்று. தெருவிலிருந்து வாசல் வரை முப்பத்தாறு படிகள். என் மனைவி ஏறி முடித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ‘எழுபத்தைந்து வயதில் நம்மில் ஒருவர் மட்டும் இருந்தால்?’ என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது படி இல்லாத வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.